அம்மாவுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும்

தம்பி, இது பாரிஸில் உன் கையில் கிடைக்கும்போது உன் கல்யாணத்துக்கு ஒரு வாரமோ பத்து நாளோ மிச்சமிருக்கும். நான் வியட்நாமிலிருந்து கிளம்பி வர முடியாது என்பது உனக்குத் தெரியும். அம்மாவை ஒரு பகல் பொழுதுக்கு மேல் யாரிடமும் விட முடிவதில்லை. வியட்நாமிய மொழியில் எழுதியிருந்தால் நீ ஒரே மூச்சில் படித்து முடித்திருப்பாய். ஆனால் அந்த மொழியில்தான் நான் உன் அம்மாவோடு நாற்பது வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன். இந்த விஷயத்தை அதில் எழுத உட்கார்ந்தால் அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பது மாதிரி இருக்கிறது, பேனா நகரவில்லை. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சொல்லிக்கொடுத்த எழுத்து நினைவிருந்தால் மெதுவாகப் படி. தடுக்கினால், நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடம் கொடு. காரைக்கால் வீட்டுப் பெண், நன்றாகப் படிப்பாள். அவளுக்குத் தெரியக் கூடாதது எதுவும் இதில் இல்லை. உண்மையில் அவளுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய பாட்டுப் பெட்டியைப் பற்றி ஒவ்வொரு தடவை போனில் கேட்கும்போதும், நன்றாக வேலை செய்கிறது, அம்மா தினமும் கேட்கிறாள், கூடவே பாடவும் செய்கிறாள் என்று சொல்லிவருகிறேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் நடந்ததில் பாதியைத்தான் சொன்னேன். மீதியைச் சொல்லாமல் உன் கல்யாணத்துக்கு ஆசீர்வாதம் மட்டும் அனுப்பினால் அது நன்றாக இருக்காது என்று தோன்றியது.

அந்தச் சாமானை உன் சிநேகிதர் கொண்டுவந்து கொடுத்த அன்று, அது வந்த அட்டைப்பெட்டிக்குள் இருந்த உன் காகிதத்தைத்தான் முதலில் படித்தேன். மறதி நோய் வந்தவர்களுக்கு இளம் வயதில் கேட்ட பாட்டைப் போட்டுக் காட்டினால் கொஞ்சம் தெளிவு வருகிறது என்று அங்கே டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தாய். 'அம்மாவுக்கு எந்தப் பாட்டெல்லாம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது அப்பா, உங்களுக்குத்தான் தெரியும், நீங்களே ஏற்றிவிடுங்கள்' என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரியை நான் அன்றைக்குச் சும்மா தாண்டிப் போய்விட்டேன். என் கவலையெல்லாம் சாமானைப் பற்றியதாக இருந்தது. தீப்பெட்டி அளவுதான் இருந்தது. பொத்தானை அமுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் முழுக்கச் சார்ஜில் போட்டும் திரை இருட்டாகவே கிடந்தது. பாரிஸிலிருந்து வரும் வழியில் கெட்டுப்போய்விட்டது, உன்னிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது எதிர் வீட்டுத் தையல்காரி லான் வந்து, பக்கவாட்டில் இருந்த ஒரு சின்ன நாக்கை நகத்தால் தள்ளினாள். அது பூட்டாம். திரையில் வெளிச்சம் வந்தது.

வெளிச்சம் வந்ததும் அது என்ன மொழி வேண்டும் என்று கேட்டது. வரிசையாக இருபது முப்பது மொழிகள். நான் வியட்நாமிய மொழியைத் தேடிக்கொண்டே விரலை ஓட்டியதில், விரல் தடித்துப் போனதாலோ என்னவோ, சீன எழுத்தோ கொரிய எழுத்தோ, எதிலோ போய் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அந்தச் சாமான் என்னிடம் என்ன கேட்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. தெரியாத ஊரில் தெரியாத போலீஸ்காரர் முன்னால் நிற்பது மாதிரி இரண்டு நாள் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அம்மா அருகில் வந்து, அதைத் தொட்டுப் பார்த்து, "இது மருந்தா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நம் ஊர் பென்-தான் சந்தைக்குப் பின்னால் மின்சாதனக் கடைகள் இருக்கும் தெருவுக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஐம்பது வயது ஆள், மெல்லிய கம்பியால் பின்பக்கத்து ஓட்டையில் குத்தி எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்து, மொழியைச் சரிசெய்து, கம்ப்யூட்டரில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன பாட்டு போடணும்?"

"பழைய பாட்டு," என்றேன். "ஆட்சி மாறறதுக்கு முன்னாடி வந்தது."

"அது ஆயிரக்கணக்கில் இருக்கு. யாரு பாடினது?"

அவர் பத்துப் பன்னிரண்டு பாடகர்களின் பெயரைச் சொன்னார். எல்லாம் காதில் விழுந்த பெயர்கள்தான். இதில் யாரை உன் அம்மாவுக்குப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. "யாருக்குப் பாட்டு?" என்று கேட்டார். என் மனைவிக்கு என்றேன். "அவங்களையே கேட்டுட்டு வாங்களேன்," என்றார், சாதாரணமாக. கேட்டால் சொல்கிற நிலையில் அவள் இல்லை என்று அந்த மனிதரிடம் சொல்லத் தோன்றவில்லை. கேட்டால் சொல்லியிருக்கக்கூடிய முப்பத்தைந்து வருஷம் என்னிடம் இருந்தது, தம்பி. அந்த முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு நாளும் நான் கேட்டதில்லை. நீங்களே பார்த்துப் போடுங்கள் என்று சொல்லி, முந்நூறு பாட்டு ஏற்றிக்கொண்டு வந்தேன்.

காதுக்குள் வைக்கிற அந்தக் குமிழ் அவளுக்கு நிற்கவேயில்லை. வைத்தால் விழுந்துவிடும், இல்லையென்றால் பூச்சி புகுந்த மாதிரி பிடுங்கி எறிவாள். ஒரு காதில் மட்டும் வைத்து, நானே விரலால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். முந்நூறு பாட்டையும் ஒரு வாரத்தில் ஓட்டியிருப்பேன். அவள் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. சோறு ஊட்டும்போது எப்படி உட்கார்ந்திருப்பாளோ அப்படியே உட்கார்ந்திருந்தாள். த்ருவோங் டின் தெருவில் அம்மன் கோவிலுக்கு வருகிற ஒருவரிடம் தமிழ்ப் பாட்டு வாங்கிப் போட்டுப் பார்த்தேன். அது எனக்குப் பிடித்த பாட்டு. அவள் அதற்கு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவளுக்குப் பாட்டு பிடிக்கும் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை. நாங்கள் கல்யாணம் செய்துகொண்டபோது அவள் கொண்டுவந்த சாமான்களில் ஒரு கேசட் பெட்டியும், பிஸ்கட் தகரத்தில் பதினோரு கேசட்டும் இருந்தன. நான் அப்போது நம்மவர்கள் வைத்திருந்த ஒரு துணிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். அவள் தைத்துக்கொண்டே கேட்பாள், கேட்டுக்கொண்டே முணுமுணுப்பாள். நான் வேலை முடிந்து வந்து சாப்பிட்டுத் தூங்கிவிடுவேன். அது என் காதில் மின்விசிறிச் சத்தம் மாதிரி இருந்திருக்கிறது. பிறகு போர் முடிந்து கம்யூனிஸ்டுகள் கைக்கு ஆட்சி மாறியது. கடை மூடியது. என் அண்ணன் காரைக்காலுக்குத் திரும்பினான், தெரிந்த குடும்பங்கள் பிரான்ஸுக்குப் போயின. அம்மாவின் தாயார் படுத்த படுக்கையாக இருந்ததால் நாங்கள் இருந்துவிட்டோம். நான் சிக்லோ ரிக்‌ஷா மிதிக்க ஆரம்பித்தேன். சந்தின் முனையில் கட்டியிருந்த ஒலிபெருக்கியில், பழைய ஆட்சிக் காலத்துப் பாட்டு, புத்தகம் எல்லாவற்றையும் வார்டு அலுவலகத்தில் ஒப்படைக்கச் சொல்லி அறிவிப்பு வந்தது. எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை, யாரும் எதையும் கேட்கவில்லை. லானின் மாமியார் தன் கேசட்டுகளை அரிசிப் பானைக்கு அடியில் போட்டுவைத்தாள், கடைசிவரை அவளை ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை.

ஆனால் எனக்குப் பயம். என் தாளில் வேறு நாட்டுக்காரன் என்று இருந்தது. தெருவில் சிக்லோவை நிறுத்தினால்கூட யாராவது என் முகத்தைப் பார்த்து எங்கிருந்து வந்தவன் என்று கேட்பார்கள். அந்தப் பதினோரு கேசட்டால் என்னைத் தனியாகப் பிடித்துப்போய்விடுவார்கள் என்று எனக்குள் ஏறிவிட்டது. ஒரு நாள் காலையில் அவள் ரேஷன் வரிசைக்குப் போயிருந்தபோது, தகரத்தையும் கேசட் பெட்டியையும் சிக்லோவில் வைத்து, மேலே சாக்கைப் போட்டு மூடி, நானே கொண்டுபோய் வார்டு அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். அவள் வந்து தேடினாள். ஆட்கள் வந்து எடுத்துப்போனார்கள், நான் என்ன செய்ய முடியும் என்று சொன்னேன். அவள் தகரம் இருந்த பலகையைத் துணியால் துடைத்தாள். அந்த இடத்தில் நூல்கண்டுகளை எடுத்து வைத்தாள். அவளும் நம்பிவிட்டாள், விஷயம் முடிந்தது என்று இருந்துவிட்டேன். நீ அதற்கு இரண்டு வருஷம் கழித்துப் பிறந்தாய்.

உனக்கு ஏழு வயது இருக்கும்போது நடந்ததை உனக்கே சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன். நீ பள்ளிக்கூடம் விட்டுச் சந்துக்குள் சீட்டியடித்துக்கொண்டே வந்தாய். அது ஒரு பழைய பாட்டின் மெட்டு என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. வார்டுக்காரர் ஒருவர் லான் வீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார். நான் ஓடிவந்து உன்னை அறைந்தேன். உன் புத்தகப்பை சந்தில் தேங்கியிருந்த தண்ணீரில் விழுந்தது. அந்த ஆள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கே கற்றுக்கொண்டாய் என்று உள்ளே இழுத்துப்போய்க் கேட்டேன். "அம்மா தூங்க வைக்கும்போது பாடுவாங்க," என்றாய். அடுப்படியில் நின்ற அம்மா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் அவள் வாயிலிருந்து முணுமுணுப்புகூட வந்து நான் கேட்டதில்லை. நீயும் சீட்டியடித்ததில்லை.

அந்த மெட்டு உனக்கு நினைவிருக்குமோ என்றுதான் போன மழைக்காலத்தில் உனக்குப் போன் செய்தேன். எதற்காகக் கேட்கிறேன் என்று நீ கேட்டதற்குச் சும்மா என்றேன். "எனக்கு அந்த அறை ஞாபகம் இருக்கு அப்பா. பாட்டு ஞாபகம் இல்லை," என்று சொன்னாய். கோபமாகச் சொல்லவில்லை. இப்போது எழுத்தில் சொல்கிறேன்: நான் அடித்தது தப்பு. நீ ஒரு குற்றமும் செய்யவில்லை.

உன்னிடம் கிடைக்காமல் போனதும், மிச்சமிருந்த ஒரே ஆள் உன் சின்னம்மாதான் என்று, அம்மாவை லானிடம் விட்டுவிட்டுக் காலை பஸ்ஸில் மீ தோவுக்குப் போனேன். அவள் இன்னும் ஆற்றங்கரையில் அந்த நூடுல்ஸ் கடையை நடத்துகிறாள். என்னைப் பார்த்ததும் அக்காவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து கரண்டியைக் கீழே வைத்தாள். இல்லை, ஒரு விஷயம் கேட்க வந்தேன் என்று சொல்லி, அந்தப் பாட்டுப் பெட்டியை மேஜைமேல் எடுத்து வைத்தேன். "உன் அக்காவுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும்?" என்று கேட்டேன்.

அவள் என்னை 'ஆன் ஹாய்' என்று கூப்பிடுவாள், மூத்தவரே என்று அர்த்தம். அவள் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"இதைக் கேக்கவா பஸ் ஏறி வந்தீங்க, ஆன் ஹாய்?"

"ஆமா."

"அக்கா உங்க கூடத்தானே இருந்தா."

அவள் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் போட்டு என் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "கேசட்டெல்லாம் வீட்டில் இருந்திருந்தா எடுத்துப் பார்த்திருக்கலாம்," என்றாள். அன்றைக்கு ஆட்கள் வந்து எடுத்துப்போய்விட்டார்கள் என்று நான் பழைய பொய்யையே திரும்பச் சொன்னேன். முப்பத்து மூன்று வருஷம் கழித்தும் அது தானாகவே வாயில் வந்தது.

அவள் மெதுவாகச் சொன்னாள். "அக்காவுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீங்கதான் கொண்டுபோய்க் குடுத்தீங்கன்னு. அதே வாரம் ரேஷன் வரிசையில வார்டுக்காரம்மா அக்காகிட்டச் சொல்லியிருக்கா. உன் வீட்டுக்காரர் நல்ல மனுஷன், யாரும் கேக்காமலே கொண்டாந்து குடுத்துட்டாருன்னு. எல்லார் முன்னாடியும் பாராட்டியிருக்கா."

"என்னை அவ கேக்கவே இல்லையே."

"நானும் அதைத்தான் கேட்டேன், ஏன் சண்டை போடலேன்னு. அவரு ஏற்கெனவே பயந்துபோய்க் கிடக்காரு, நானும் கேட்டா அந்த மனுஷன் எங்க போவாருன்னு சொன்னா."

கிண்ணத்தில் இருந்ததை நான் சாப்பிட்டு முடித்தேன், தம்பி. எப்படிச் சாப்பிட்டேன் என்று தெரியவில்லை. அவள் அழவோ ஏசவோ இல்லை. சுவரில் தொங்கிய நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, நினைவுக்கு வந்த மூன்று பாட்டின் முதல் வரிகளை எழுதிக் கொடுத்தாள். ஒன்று படகுத்துறையைப் பற்றியது, ஒன்று மழை, மூன்றாவது ஒரு சிப்பாய் வீட்டுக்கு எழுதும் கடிதம். மற்றதெல்லாம் மறந்துவிட்டதாம். பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அந்தத் தாளைச் சட்டைப்பைக்குள் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

கடைக்காரரிடம் முந்நூறு பாட்டையும் அழித்துவிட்டு அந்த மூன்றை மட்டும் ஏற்றச் சொன்னேன். மூன்றுக்காக இத்தனை பாட்டு கொள்கிற சாமானா என்று பார்த்தார். மறுநாள் மதியம் அம்மாவுக்குச் சோறு கொடுத்த பிறகு, அவள் காதில் குமிழை வைத்துப் பிடித்துக்கொண்டேன். முதல் பாட்டுக்கு ஒன்றுமில்லை. இரண்டாவது தொடங்கியதும் அவள் கை வந்து என் விரலை விலக்கிவிட்டு, குமிழைத் தானே பிடித்துக்கொண்டது. உதடு அசைந்தது. பிறகு பாடினாள். பல் போன வாயால், ஒரு சொல்கூடத் தப்பாமல். உன் பெயர் மறந்துபோன, சோறு சாப்பிட்டதே மறந்துபோகிற பெண். இதுவரைக்கும்தான் உன்னிடம் போனில் சொன்னேன்.

சொல்லாமல் விட்டது இதுதான். பாட்டு பாதியில் இருக்கும்போது அவள் குமிழைப் பிடுங்கிவிட்டுக் கதவைப் பார்த்தாள். "கதவைச் சாத்துங்க, ஓங்," என்றாள். என்னை நாற்பது வருஷமாக, புருஷனைக் கூப்பிடுகிற மாதிரி 'ஆன்' என்று கூப்பிட்டவள். 'ஓங்' என்பது தெருவில் பார்க்கிற வயசாளியைக் கூப்பிடுகிற சொல் என்பது உனக்குத் தெரியும். நான் சாத்தினேன். பெட்டியைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு சன்னமான குரலில் சொன்னாள். "என் வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிடாதீங்க. பாட்டுன்னா அவருக்குப் பயம். நல்லவர்தான், பாவம். தெரிஞ்சா தூங்கமாட்டார்."

சொல்லமாட்டேன் என்றேன். வேறு என்ன சொல்வது?

மறுநாள் துணிந்து, பெண்சாதியைக் கூப்பிடுகிற சொல்லாலேயே அழைத்து, "எம், நான்தான் உன் வீட்டுக்காரன், எனக்கு இப்ப பயமில்லை, நீ பாடு," என்று சொல்லிப் பார்த்தேன். அவள் பெட்டியைப் போர்வைக்குள் சுருட்டிக்கொண்டு, என்னிடம் எதுவும் இல்லை, நான் எதுவும் வைத்திருக்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மூன்று நாள் அதைத் தொடவில்லை. அதோடு அந்த முயற்சியை விட்டுவிட்டேன். இப்போது மதியத்தில் நான் ஓங். அவள் கேட்பதற்கு முன்பே கதவைச் சாத்துகிறேன், சத்தத்தைக் குறைத்து வைக்கிறேன், வாசற்பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். அவள் அவ்வப்போது, "அவர் வந்துட்டாரா?" என்பாள். இன்னும் வரவில்லை என்பேன். அப்போதுதான் அவளுக்குப் பாட வரும். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். கேட்க வேண்டியது அவளுடைய வீட்டுக்காரன். அவன் முகத்தைப் பார்த்தால் அவள் பாட்டை ஒளித்துவிடுவாள். எந்தப் பக்கம் போனாலும் எனக்கு வழியில்லை.

உனக்குப் பெரிதாகப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தகப்பன் சொல்ல வேண்டியதில் இரண்டைச் சொல்கிறேன். உனக்குப் பயம் வந்தால், வரும், அதை உன் பெண்சாதியிடம் பயம் என்றே சொல். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அவளுடைய சாமானில் கை வைக்காதே. அவள் பாத்திரம் தேய்க்கும்போதோ தலை வாரும்போதோ எதையாவது முணுமுணுத்தால், அது என்ன பாட்டு, எங்கே கேட்டாய் என்று அப்போதே கேள். சின்ன விஷயம்தானே, அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று நானும் நினைத்தேன். மருமகளே, நீ இதை அவனுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தால், உனக்கும் ஒன்று: அவன் தப்பு செய்தது உனக்குத் தெரிந்துவிட்டால் கேட்டுவிடு. பாவம் என்று விடாதே. உன் மாமியார் என்மேல் இரக்கப்பட்டு விட்டதுதான் எனக்கு இன்றைக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது. இரண்டு பேரும் நன்றாக இருங்கள். அம்மாவின் ஆசீர்வாதத்தையும் நானே சேர்த்துச் சொல்கிறேன். அந்த உரிமை எனக்கு உண்டா என்று தெரியவில்லை.

நேற்று நடந்ததையும் எழுதிவிட்டு நிறுத்துகிறேன். மூன்றாவது பாட்டு முடிந்ததும் அவள் என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குப் பெண்சாதி இருக்காங்களா, ஓங்?" என்று கேட்டாள்.

"இருக்காங்க."

"பாடுவாங்களா?"

"நல்லாப் பாடுவாங்க. எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது."

"அப்ப ஏன் இங்கேயே உட்கார்ந்திருக்கீங்க? வீட்டுக்குப் போங்க. காத்துட்டிருப்பாங்க."

சரி என்று எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, கதவை வெளியே சாத்திவிட்டுச் சந்தின் முனை வரைக்கும் போனேன். பைக்குகள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். போவதற்கு வேறு வீடு இல்லையே. திரும்பி வந்து வாசலில் நின்றபோது உள்ளே அவள் தனியாகப் பாடிக்கொண்டிருந்தது கேட்டது. படகுத்துறைப் பாட்டு. அது முடியட்டும் என்றுதான் நின்றேன். ஆனால் மழை பிடித்துக்கொண்டது, சட்டை நனைந்தது, வேறு வழியில்லாமல் கதவைத் தட்டினேன். உள்ளே பாட்டு நின்றுவிட்டது.

உன் அப்பா